அடுத்த புதன் டாலஸில் டொர்னேடோ வருமா? மஞ்சள் வரைபடத்தைப் படிக்கும் முறை

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது, அதற்கு முன் வாழ்நாள் முழுக்கச் சென்னை. அடுத்த புதன்கிழமைக்கான வானிலை வரைபடத்தில் வட டெக்சாஸ் முழுக்க மஞ்சள் பூசி 15 விழுக்காடு என்று போட்டிருக்கிறார்கள், வடக்கே ஓக்லஹோமாவில் ஆரஞ்சு நிறத்தில் 30. அதே புதன் மாலைதான் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து இறங்குகிறார்கள். டொர்னேடோ வருமா, டிக்கெட்டை மாற்றிவிடலாமா?

டிக்கெட்டை மாற்ற வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஒவ்வொரு மார்ச், ஏப்ரலிலும் புதிதாக வந்த யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார், நானும் பதினான்கு வருஷத்துக்கு முன் இதே பயத்தோடு பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நின்றவன்தான்.

சென்னையில் வளர்ந்த நமக்கு ஆபத்தான வானிலை என்றால் புயல். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதியாக ஆரம்பித்து, தாழ்வு மண்டலமாகி, ஒரு பெயரும் வாங்கிக்கொண்டு, 'சென்னைக்குத் தென்கிழக்கே இத்தனை கிலோமீட்டரில் மையம் கொண்டுள்ளது' என்று டிவியில் நாலு நாள் ஓடி, நாம் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்த பிறகு வந்து சேரும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோதும் அப்படித்தான், எந்த நாள், ஏறக்குறைய எந்தக் கரை என்பது முன்பே தெரிந்துவிட்டது. அந்தப் பழக்கத்தோடு இந்த ஊர் வரைபடத்தைப் பார்த்தால், மஞ்சளுக்குள் நம் வீடு இருக்கிறது, ஆகவே நமக்கு வருகிறது என்றுதான் மனசு படிக்கும். டொர்னேடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்று, அதற்கு அப்படி ஜாதகம் எல்லாம் கிடையாது. புதன் மதியம் இரண்டு மணிக்கு அது இருக்காது, அதைப் பெறப்போகும் மேகம்கூட இருக்காது. ஆறு மணிக்குப் பிறந்து ஆறேகாலுக்குச் செத்துப்போயிருக்கும். நம் ஊர்ப் பத்திரிகைகள் இரண்டையும் சூறாவளி என்றே எழுதுவதால் ஊரிலிருந்து வரும் போன்களிலும் இந்தக் குழப்பம் தொடரும். திருத்தப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

அந்த வரைபடத்தைப் போடுவது ஓக்லஹோமாவில் நார்மன் என்ற ஊரில் இருக்கும் ஸ்டார்ம் பிரெடிக்‌ஷன் சென்டர். எஸ்.பி.சி. என்பார்கள், அமெரிக்க தேசிய வானிலை சேவையின் பிரிவு. 15 விழுக்காடு என்று அவர்கள் சொல்வதன் பொருள்: உங்கள் வீட்டை நடுவில் வைத்து 25 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் எங்காவது ஓரிடத்தில் கடும் இடிமழை நடக்க நூற்றில் 15 வாய்ப்பு. அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. அதாவது பன்னிரண்டு சென்னையை ஒட்டிவைத்து, அதில் எங்கோ ஒரு தெருவில் நடந்தாலும் கணிப்பு பலித்ததாகக் கணக்கு. 'கடும்' என்பதற்கும் வரையறை உண்டு. ஒரு அங்குலம் அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள ஆலங்கட்டி, மணிக்கு 58 மைல் வேகக் காற்று, டொர்னேடோ, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. ஆறு நாள் முன்னால் போடும் வரைபடம் மூன்றில் எது என்று பிரித்துச் சொல்வதே இல்லை. நீங்கள் 15 விழுக்காடு டொர்னேடோ என்று படித்தது ஆலங்கட்டியாக, பெரும்பாலும் நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டியாக, முடிந்துபோகலாம்.

அதற்காக 15 என்றால் சும்மா என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். நாலாம் நாள் முதல் எட்டாம் நாள் வரைக்குமான அந்த வரைபடத்தில் இரண்டே எண்கள்தான், 15, 30. பல நாட்கள் வெறுமையாகவே விட்டுவிடுவார்கள், நம்பிக்கை இருந்தால்தான் வண்ணம் பூசுவார்கள். இங்கே ஒரு சாதாரண வசந்த நாளில் இந்த வாய்ப்பு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும், அதனால் ஆறு நாள் முன்பே 15 போட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ திரள்கிறது என்று அர்த்தம். வெறுமையாக விட்ட நாளையும் பத்திரமான நாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வெறுமையின் கீழ் 'கணிக்கும் அளவுக்குத் தெளிவில்லை' என்ற பொருளில் ஒரு வரி பல நாள் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

இனி எப்போது எதைப் பார்ப்பது. இன்று வெள்ளி. இன்றையே முதல் நாளாக எண்ணும் அவர்கள் கணக்கில் உங்கள் புதன்கிழமை ஆறாம் நாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடிகாலையில் புது வரைபடம் வரும், மஞ்சள் பட்டை கிழக்கே நகரும், மேற்கே நகரும், ஒருவேளை காணாமலே போகும். ஆளுக்கு ஒரு மாடலை (கம்ப்யூட்டர் கணிப்பை) வைத்துக்கொண்டு அமெரிக்க மாடல் இப்படிச் சொல்கிறது, ஐரோப்பிய மாடல் அப்படிச் சொல்கிறது என்று இணையத்தில் சண்டை போடுவார்கள். அந்த இரண்டு நாளும் வானிலையைப் பார்க்காமல் இருந்தால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. திங்கள்கிழமை பாருங்கள், அன்றைக்குப் புதன் மூன்றாம் நாளாகியிருக்கும், ஒன்று முதல் ஐந்து வரையான படிகளில் எந்தப் படி என்று சொல்லிவிடுவார்கள். மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை, இதுதான் ஏறுவரிசை. யார் வைத்த பெயர்களோ, மாடரேட் என்றால் ஏதோ நடுத்தரம் என்றுதான் காதில் விழும், ஆனால் அது ஐந்தில் நாலாவது படி, வருஷத்தில் சில நாட்களுக்கு மட்டும் வருவது. அதனால் பெயரை விட்டுவிடுங்கள், எண்ணைப் பாருங்கள். மூன்று என்றால் திட்டங்களை மாற்றத் தயாராக இருங்கள், நாலு என்றால் மாலை வேலைகளைக் கையோடு ரத்து செய்யுங்கள். செவ்வாய் வரும் இரண்டாம் நாள் வரைபடத்தில் டொர்னேடோ, காற்று, ஆலங்கட்டி மூன்றுக்கும் தனித்தனி விழுக்காடு இருக்கும். நீங்கள் இன்று கேட்ட கேள்விக்கு முதல் உருப்படியான பதில் அங்கேதான் கிடைக்கும்.

புதன் அன்று காலை 8 மணி, பதினொன்றரை, பிற்பகல் 3 மணி, மூன்று தடவை பார்த்தால் போதும். அந்தந்த நேரத்துக்கு எஸ்.பி.சி. புதுப்பிக்கிறது. பதினொன்றரை மணி வரைபடத்துக்கு நான் அதிக மரியாதை கொடுப்பேன். காலை 7 மணிக்கு ஃபோர்ட் வொர்த்தில் விட்ட வானிலை பலூன் மேலே காற்று எப்படி இருக்கிறது, வெப்பம் எப்படி இருக்கிறது என்று சொல்லியிருக்கும், காலை மழை வந்ததா இல்லையா என்பதும் தெரிந்திருக்கும்.

காலை மழை ஏன் முக்கியம் என்றால், கதையே அங்கேதான் திரும்பும். வசந்த காலத்தில் இந்தப் பக்கத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று கசகசப்பான ஈரத்தை ஏற்றிக்கொண்டு வருகிறது, நம் ஊர் ஐப்பசி மழைக்கு முந்தைய புழுக்கம் மாதிரி. மேற்கே நியூ மெக்சிகோ மேட்டுநிலத்திலிருந்து பாலைக்காற்று வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டை ட்ரைலைன் என்பார்கள், மேற்கு டெக்சாஸில் நின்றால் ஒரு மணி நேரத்தில் வியர்வை காய்ந்து உதடு வெடிக்கும். உயரத்தில் ஒரு சூடான காற்றுப் படலம் மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும், அதற்குக் கேப் என்று பெயர். மூடி அழுத்தமாக இருந்தால் நாள் முழுக்க வெயில், புழுக்கம், ஒரு துளி மழை இல்லை, எல்லாரும் வானிலைக்காரர்களைத் திட்டிவிட்டுத் தூங்கப்போவார்கள். மூடி மதியம் மூன்று, நாலு மணிக்கு ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் உடைந்தால், அதுவரை சேர்த்து வைத்த சூடும் ஈரமும் அந்த ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு போகும், மேலே காற்றின் திசையும் வேகமும் உயரத்துக்கு உயரம் மாறினால் மேகமே சுழல ஆரம்பிக்கும். பெரிய ஆலங்கட்டியும் மோசமான டொர்னேடோக்களும் அந்தத் தனிமேகத்தில்தான் பிறக்கின்றன. காலையிலேயே மழை பெய்து தரையைக் குளிர்த்துவிட்டால் மாலைக்கு எரிபொருள் குறைந்துவிடும், அல்லது ஆபத்து தெற்கே வேக்கோ பக்கம் தள்ளிப்போகும். ஆறு நாள் முன்னால் எந்தக் கம்ப்யூட்டராலும் புதன் காலை மழையைச் சொல்ல முடியாது.

இதில் நிபுணர்களுக்கும் அடி சறுக்கும். 2019 மே 20 அன்று ஓக்லஹோமாவுக்கும் வடமேற்கு டெக்சாஸுக்கும் ஐந்தாம் படி கொடுத்தார்கள், ஓக்லஹோமா சிட்டி வட்டாரத்தில் பள்ளிகளையே மூடினார்கள். டொர்னேடோக்கள் வந்தன, ஆனால் பயந்த அளவுக்குப் பேரழிவு எதுவும் அன்று இல்லை. அதை வைத்து 'இவர்கள் எப்பவுமே இப்படித்தான்' என்று பேசியவர்களை எனக்குத் தெரியும். 1999 மே 3 அன்று அதே ஓக்லஹோமாவில் காலையில் அத்தனை பெரிய எச்சரிக்கை இல்லை, பகல் போகப்போகத்தான் படியை ஏற்றிக்கொண்டே போனார்கள், மாலையில் மூர் நகரத்தை அடித்த டொர்னேடோவில் ரேடார் அளந்த காற்று மணிக்கு 300 மைலைத் தொட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

வட்டாரம் முழுவதையும் பார்த்தால் ஒரே வானிலை அமைப்பு நாலு வேஷம் போடும். அதன் வடமேற்கில் கொலராடோ பக்கம் பனிப்புயல். மேற்கில், ட்ரைலைனுக்குப் பின்னால், புழுதிக்காற்றும் காட்டுத்தீ அபாயமும். நடுவிலும் கிழக்கிலும் இடிமழை, அதற்கும் கிழக்கே மறுநாள் வெள்ளம். 2025 மார்ச் 14 முதல் 16 வரை இதை ஒரே மூச்சில் பார்த்தோம். கான்சாஸில் புழுதி மறைத்து நெடுஞ்சாலையில் வண்டிகள் அடுக்கடுக்காக மோதி எட்டுப் பேர் போனார்கள், ஓக்லஹோமாவில் வீடுகள் தீயில் எரிந்தன, மிசோரியிலும் தெற்கு மாநிலங்களிலும் டொர்னேடோக்கள். நீங்கள் ஃபிரிஸ்கோவில் இருப்பதால் உங்கள் பங்கு பெரும்பாலும் இடிமழை. ஆனால் அடுத்த வாரம் லபக் அல்லது அமரில்லோ பக்கம் காரில் போகிற வேலை யாருக்காவது இருந்தால் அவர்கள் பார்க்க வேண்டியது டொர்னேடோ வரைபடத்தை அல்ல, தீ அபாய வரைபடத்தையும் காற்று எச்சரிக்கையையும். 2024 பிப்ரவரி கடைசியில் அங்கே பற்றிய ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது, டெக்சாஸ் வரலாற்றிலேயே பெரியது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். நிகழ வாய்ப்புள்ள நஷ்டத்தை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் ஆலங்கட்டியைத்தான் முதலில் வைப்பேன். 1995 மே 5 அன்று ஃபோர்ட் வொர்த்தில் ஆற்றங்கரைத் திருவிழாவில் ஆயிரக்கணக்கான பேர் திறந்தவெளியில் நின்றபோது பெரிய ஆலங்கட்டி கொட்டியது. தலையில் குளிர்ப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியவர்கள் பற்றிய பேச்சு இன்றும் உண்டு. அறிவிப்புகளில் அளவை நாணயத்தோடும் பந்தோடும் ஒப்பிடுவார்கள், நமக்குப் புரியும்படி சொன்னால் குவார்ட்டர் (25 சென்ட் நாணயம்) என்பது பெரிய நெல்லிக்காய், கால்ஃப் பந்து என்பது எலுமிச்சம்பழம், பேஸ்பால் என்பது கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து. நெல்லிக்காய்க்குக் காரில் கீறல்கூட விழாமல் போகலாம். எலுமிச்சைக்குக் கண்டிப்பாகப் பள்ளம் விழும். கிரிக்கெட் பந்து விண்ட்ஷீல்டைத் துளைத்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

என் முதல் வசந்தத்தில் நான் இர்விங்கில் ஒரு அபார்ட்மென்டின் மூன்றாம் மாடியில் இருந்தேன். கூரை போட்ட பார்க்கிங்குக்கு மாசம் முப்பது டாலர் கூடுதல் என்றார்கள், சென்னை வெயிலையே பார்த்தவனுக்கு எதற்கு என்று மிச்சம் பிடித்தேன். ஏப்ரலில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு மேலே யாரோ ஜல்லி லாரியைக் கவிழ்த்த மாதிரி சத்தம், ஆறேழு நிமிஷம், அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி அமைதி, புல்தரை முழுக்க வெள்ளை. இரண்டு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் ஆள் வந்து பானட்டின் மேல் ஒரு விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நிழல் விழுந்த ஒவ்வொரு பள்ளத்தையும் மெழுகுப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். முடிக்கும்போது காருக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. ரிப்பேர் செலவு கார் விலையைத் தாண்டுகிறது என்று டோட்டல் பண்ணிவிட்டார்கள். முப்பது டாலர் மிச்சம் பிடித்த கதையை வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதனால் இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை: கராஜில் அட்டைப்பெட்டிகள் குவிந்திருந்தால் ஒதுக்கிவிட்டு இரண்டு காரும் நுழைய இடம் பண்ணுங்கள். குடிவந்து இரண்டு மாதம் என்றால் கண்டிப்பாகக் குவிந்திருக்கும். கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் இருக்கிறதா என்று பாருங்கள், ஆலங்கட்டிக்கு அதுதான் கைகொடுக்கும், புயல் கதவைத் தட்டும்போது சேர்க்கப் போனால் பல நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளாது. வீட்டுப் பாலிசியில் காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் தனி டிடக்டிபிள் (நஷ்டத்தில் நாம் கட்ட வேண்டிய பங்கு) இருக்கும், பெரும்பாலும் வீட்டு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு. நாலு லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டு விழுக்காடு என்றால் எட்டாயிரம் உங்கள் கையிலிருந்து. ஆலங்கட்டி விழுந்த மறுநாள் காலையிலேயே ஏணியோடு ஒரு இளைஞர் வந்து பெல் அடிப்பார், 'உங்கள் கூரை போய்விட்டது சார், டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்பார். டெக்சாஸில் கூரை போடுபவர்களுக்கு மாநில லைசென்ஸ் என்று எதுவும் கிடையாது, டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது 2019 முதல் சட்டவிரோதம். ஏணியோடு கிளம்பச் சொல்லுங்கள்.

டொர்னேடோ. பெரும்பாலானவை பலவீனமானவை, சில நிமிடம் இருந்து வேலியையும் மரத்தையும் சாய்த்துவிட்டுப் போகும். ஆனால் டாலஸ் வட்டாரத்துக்குப் பெரியதும் வந்திருக்கிறது. 2015 டிசம்பர் 26 இரவு கார்லண்ட், ரவுலெட் பக்கம் வந்ததில் பத்துப் பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் நெடுஞ்சாலையில் காருக்குள் இருந்தவர்கள். 2019 அக்டோபர் 20 ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு வடக்கு டாலஸ் குடியிருப்புகளுக்கு நடுவே இன்னொன்று பதினைந்து மைல் தூரம் உழுதுகொண்டு போனது, நஷ்டம் நூற்றைம்பது கோடி டாலருக்கு மேல், ஆனால் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லாரும் வீட்டில் இருந்த நேரம், டிவி ஓடிக்கொண்டிருந்த நேரம், போன் அலறியதும் உள்ளறைக்குப் போக முடிந்தது. (இரண்டுமே வசந்தத்தில் வரவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.)

வாட்ச், வார்னிங் என்ற இரண்டு சொல்லை வீட்டில் எல்லாருக்கும் பிரித்துச் சொல்லிவையுங்கள். வாட்ச் என்பது எஸ்.பி.சி. ஒரு பெரிய பரப்புக்குக் கொடுப்பது, ஆறேழு மணி நேரம் இருக்கும், சமைக்கலாம், சாப்பிடலாம், கடைக்குத் தூரமாகப் போகாமல் இருந்தால் சரி. வார்னிங் என்பது தேசிய வானிலை சேவையின் ஃபோர்ட் வொர்த் அலுவலகம் ரேடாரில் சுழற்சியைப் பார்த்தோ யாராவது கண்ணால் பார்த்தோ கொடுப்பது, சில மைல் அகலக் கட்டம், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சராசரியாகச் சுமார் பத்து நிமிடம். அந்த நேரத்தில் வாசலுக்குப் போய் வீடியோ எடுக்கிற நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மழைக்குள் மறைந்து வரும் டொர்னேடோ வீடியோவில் தெரியவும் தெரியாது.

எந்த அறை என்பதை இன்றே முடிவு பண்ணுங்கள். இந்தப் பக்கம் வீடுகளுக்குப் பேஸ்மென்ட் கிடையாது, களிமண் தரை. கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத, வெளிச்சுவரைத் தொடாத அறை வேண்டும், முக்கால்வாசி வீடுகளில் அது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குளோசெட். தமிழ் வீடுகளில் அந்தக் குளோசெட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபது பவுண்டு அரிசி மூட்டை இரண்டு, கொலுப்படி, பழைய புடவை சுற்றிய பொம்மைப் பெட்டிகள், இந்தியா போகும் பெரிய சூட்கேஸ்கள், ஒன்றுக்குள் ஒன்று. நாங்கள் முதல்முறை வார்னிங்குக்கு அங்கே ஓடியபோது நாலு பேரில் இரண்டு பேர் வெளியே நின்றோம், தசாவதாரம் செட்டு மட்டும் பத்திரமாக உள்ளே இருந்தது. அன்றிலிருந்து பிப்ரவரி கடைசியில் பொம்மைகளை மாடிக்கு ஏற்றிவிடுவோம், ஜூலையில் திரும்ப இறக்குவோம். உள்ளே ஒரு டார்ச், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், எல்லாருக்கும் ஷூ (கண்ணாடிச் சில்லின் மேல் வெறுங்காலில் நடக்க முடியாது), பிள்ளைகளின் சைக்கிள் ஹெல்மெட். ஹெல்மெட் விளையாட்டு இல்லை, தலைக்காயம்தான் ஆளைக் கொல்கிறது.

சைரனை நம்பி இருக்காதீர்கள். அது வெளியில் இருப்பவர்களுக்கானது, ஏசி ஓடும் வீட்டுக்குள் தூக்கத்தில் கேட்காது, பல ஊர்களில் பலத்த காற்றுக்கும் பெரிய ஆலங்கட்டிக்கும்கூட ஊதுவார்கள். டாலஸில் மாதத்தின் முதல் புதன் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சோதனைக்காக ஊதுவது வழக்கம், உங்கள் புதன் முதல் புதனாக இருந்தால் அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டாம். 2017 ஏப்ரலில் ஒரு நடுராத்திரி 156 சைரனும் ஒன்றாக ஊதின, வானத்தில் மேகமே இல்லை, யாரோ கைவரிசை காட்டியிருந்தார்கள். போனில் வரும் அவசர எச்சரிக்கைதான் முக்கியம். காணாமல்போன குழந்தை அறிவிப்பு ஒருநாள் விடிகாலை எழுப்பிவிட்டது என்று கோபத்தில் அந்த மொத்த அமைப்பையும் அணைத்து வைத்திருப்பவர்கள் பலர், செட்டிங்கில் போய் ஒருமுறை பாருங்கள்.

வண்டியில் இருக்கும்போது வார்னிங் வந்தால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். 1991இல் கான்சாஸில் எடுத்த ஒரு வீடியோவால் அந்தப் பழக்கம் பரவியது, 1999 மே 3 அன்று மூன்று மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் சாவு விழுந்தது. பக்கத்தில் இருக்கும் கடைக்குள் போய் ரெஸ்ட்ரூமில் நில்லுங்கள். சாலையில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள், ஓர் அடி ஆழமே சின்னக் காரைத் தூக்கிக்கொண்டு போகும்.

மின்சாரம் போவதையும் கணக்கில் வையுங்கள். 2024 மே 28 காலை டொர்னேடோ எதுவும் இல்லாமல் வெறும் காற்றே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை அணைத்தது. எங்கள் வீட்டில் ஒன்றரை நாள், ஃப்ரீசரில் இருந்த தோசை மாவு பொங்கி வழிந்தது.

இப்போது அப்பா அம்மா. பிற்பகல் நாலு மணியிலிருந்து இடிமழை இருந்தால் டி.எஃப்.டபிள்யூ. விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்திவைப்பார்கள், ஆஸ்டினுக்கோ ஹூஸ்டனுக்கோ திருப்பியும் விடுவார்கள். மின்னல் பக்கத்தில் இருந்தால் பெட்டி இறக்கும் ஆட்களைத் தளத்துக்கு விடமாட்டார்கள், இறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் பெட்டி வராது. இதெல்லாம் அலைச்சல், ஆபத்து இல்லை. கனெக்டிங் விமானம் ஏதாவது இருந்தால் அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வேறு ஊரில் இறக்கினால் பதறக் கூடாது என்று. நீங்கள் கூப்பிடப் போகும்போது மட்டும் கவனம், அந்த நேரத்தில் இடிமழை வரிசை வடமேற்கே டென்டன் பக்கம் வந்துகொண்டிருந்தால் அவர்களை விமான நிலையத்துக்குள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டு, அது கடந்துபோன பிறகு நீங்கள் கிளம்புங்கள். அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் இருப்பது நெடுஞ்சாலையில் நீங்கள் மூன்று பேரும் இருப்பதைவிட நல்லது.

அதைவிட எனக்குக் கவலை அடுத்த வாரங்கள்தான். நீங்கள் இருவரும் அலுவலகத்தில், அம்மா வீட்டில் பேரனோடு. இந்திய சிம்மோடு இருக்கும் அவர்கள் போனில் எச்சரிக்கை வரும் என்று நம்பாதீர்கள், இந்த ஊர் சிம் ஒன்று போட்டுக் கொடுங்கள். டிவியில் எச்சரிக்கையைக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயர் சொல்லித்தான் கொடுப்பார்கள், ஃபிரிஸ்கோ பாதி காலின் கவுண்டியில், பாதி டென்டன் கவுண்டியில் இருக்கிறது, உங்கள் வீடு எதில் என்பதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் என் மாமியார் கையெழுத்தில் ஒரு தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது: 'நாம் இருப்பது காலின். சிவப்புக் கட்டத்தில் காலின் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிக்குக் கீழே. அடுப்பை அணை. செருப்பு.'